லொறியில் வந்த பிகோனியா

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பிகோனியாப் பூச்செடி வளர்த்து ஞாயிறு சந்தையில் விற்கிறேன். போன வருஷம் சந்தைக்கு ஒரு லொறி நிறையச் செடி வந்தது. என் விலையில் பாதிதான். என்னிடம் யாரும் வாங்கவில்லை.

லொறியில் என்னிடம் இல்லாத சிவப்புச் செடி ஒன்று இருந்தது. கிளை வெட்டி நடலாம் என்று வாங்கி வந்தேன். இடம் போதாமல் தாய்ச்செடிகளோடு ஒட்டி வைத்துவிட்டேன். அதுதான் தப்பு. சில நாளில் அதிலும் என் செடிகளின் இலைக்கடியிலும் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி. தாய்ச்செடி போனால் அடுத்து வெட்டி நட ஒன்றுமில்லை. பூச்சி அப்பியதைப் பிடுங்கி எரித்தேன். மற்றதைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். பாதி பிழைத்தது.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி சொன்னாள்: "பேசாம நீங்களும் லொறிச் செடியவே வாங்கி வித்துருங்கக்கா."

"பூச்சிக்குத் தனி வெல போடவா?" என்றேன்.

இப்போது புதுச்செடி எதுவானாலும் மற்றச் செடிகளை விட்டுத் தள்ளி, கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம்தான். புதுத்தளிர் பூச்சியில்லாமல் சுத்தமாக வந்தால்தான் மற்றதோடு சேர்ப்பேன். விலையைக் குறைக்கவில்லை. சந்தையில் லொறிக்குப் பக்கத்திலேயே உட்காருகிறேன். வருகிறவர்களிடம், எங்கே வாங்கினாலும் இலையைத் திருப்பிப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். லொறிக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்.