மரத்துப்போன விரல்களோடு பூந்தமல்லிக்கு

என் தங்கை பூந்தமல்லியில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவளைப் போய்ப் பார்த்ததில்லை. நானும்தான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது எனக்கு மட்டும் போன் செய்தாள். "நீயாச்சும் வந்து பாருண்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். திருவேற்காடு வழியாகப் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே போய் என்ன பேசுவது என்ற பயத்தில் ஆவடிப் பக்கம் திரும்பிவிட்டேன். வெள்ளானூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறி, பூந்தமல்லியையும் தாண்டி வண்டலூர் வரை மிதித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கொஞ்ச மாதங்களாகவே தூரம் போனால் எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பஞ்சு வைத்த கிளவுஸ் வாங்கினேன். ஹேண்டில்பாரில் டேப்பைத் தடிமனாகச் சுற்றினேன். ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு கையாக உதறுவேன். கூட ஓட்டுகிறவர்கள் எல்லாம் என்னைவிடச் சின்னவர்கள்; வயசாகிவிட்டது என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று யோசனையில் கையை உதறக்கூட மறந்து, ஹேண்டில்பார் மேலேயே சாய்ந்து ஓட்டியிருக்கிறேன். பூந்தமல்லி நெரிசலில் பிரேக் பிடிக்க உள்ளங்கை முழுவதையும் அழுத்த வேண்டியிருந்தது.

தங்கையின் மாமியார்தான் கதவைத் திறந்தார். நான் யார் என்று தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே ஓடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாமாகிட்ட போறியா கண்ணு?" என்று என் பக்கம் நீட்டினார்.

என் சட்டை நுனியைத் தொட்டால்கூட விரலுக்குத் தெரியவில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. நழுவிவிட்டால்? ஓர் அடி பின்னால் போய்க் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டேன்.

"வேணாம்மா... அப்புறமா..."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இப்பதான் தம்பி குளிப்பாட்டினேன். சுத்தமாதான் இருக்கு."

அவர் என்ன நினைத்துவிட்டார் என்று புரிந்ததும் உடம்பே கூசிப்போயிற்று. அவர் பின்னாலேயே வந்து நின்ற தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மரத்திருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது எனக்கே பொய்ச் சாக்குபோலத் தோன்றியது.

தங்கையின் கணவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். வாங்கினேன், பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது.

"இன்னா மச்சான், கைக்கு இன்னா ஆச்சு?"

"விரல்ல உணர்ச்சியே இல்ல. ரொம்ப தூரம் ஓட்டினா இப்படி ஆயிடுது. அதான் குழந்தைய வாங்கல."

"அம்பத்தூர்லேர்ந்து வர்றதுக்கேவா?"

"வண்டலூர் போயிட்டு வந்தேன்."

"அங்க இன்னாத்துக்கு?"

தங்கைக்குப் புரிந்துவிட்டது. "இங்க வர்றதுக்குப் பயந்துகினு ஊரெல்லாம் சுத்தினியா?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மாமியார் சுவரோரம் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார். என் மடியில் தலையணையை வைத்து, அதன் மேல் குழந்தையைப் படுக்கவைத்தார். அது என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பார்க்க முடிந்ததே தவிர, பிடித்திருப்பது தெரியவில்லை. தலையை நிமிர்த்த வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனேன். கொஞ்ச நாள் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார். கடையில் சைக்கிளைக் காட்டியபோது, சீட்டின் முன்பக்கம் தாழ்ந்திருப்பதால் உடம்பின் பாரமெல்லாம் கையில் விழுகிறது என்றார்கள். சீட்டை மட்டமாக்கி ஹேண்டில்பாரை உயர்த்தியபிறகு விரல்கள் மரப்பதில்லை.

இப்போது பூந்தமல்லிக்கு நேர்வழியிலேயே போகிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியெல்லாம் சுற்றுகிறேன். அம்மாவிடம் மட்டும், சும்மா சைக்கிள் ஓட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இன்னமும் கிளம்புகிறேன்.