இடம் இருந்த வகுப்பு

எங்கள் மகளிர் குழுவின் சாமையை வாங்க விரும்பும் வெளியூர்க்காரர்கள் போனில் ஆங்கிலத்தில் பேசுவார்கள். பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் திருப்பத்தூரில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில், முதல் நிலையில் சேர்ந்தேன்.

முதல் நாளே மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து ஜீப் தாமதம். நான் போனபோது அங்கிருந்த இரண்டு அறைகளிலும் பாடம் தொடங்கியிருந்தது. எங்கள் மலையில் எந்த ஜீப்பில் இடம் இருக்கிறதோ அதில் ஏறிவிடுவோம். எதில் ஏறினாலும் ஒரே ஊருக்குத்தான் போகும். அதே பழக்கத்தில், காலி நாற்காலி தெரிந்த அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் கடகடவென்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இவ்வளவு பேசத் தெரிந்தவர்கள் எதற்கு முதல் நிலைக்கு வந்தார்கள் என்றும் புரியவில்லை. அவர்கள் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்து வைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம், "எனக்கு இது ஏறாதுங்க, நின்னுக்கிறேன்" என்றேன்.

அவர் என் பெயரைக் கேட்டு, பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மூணாவது நிலைங்க. உங்க வகுப்பு பக்கத்து ரூம்ல நடக்குது."

அடுத்த வகுப்பில் அந்த அறைக்குப் போனேன். ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் கேட்காமல் எங்கும் உட்காருவதில்லை. நேற்று ஜீப்பில்கூட, "இது எங்க போவுது?" என்றேன். தினமும் ஏற்றிப்போகும் டிரைவர் திரும்பி என்னையே பார்த்தார்.

"இன்னாக்கா ஆச்சு? உங்க வூட்டுக்குத்தான்!"

— செல்வி, புதூர்நாடு