யோசித்த இடங்கள்

1974 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குளித்தேன். எட்டரை பஸ்ஸில் சித்தூர் அச்சகத்துக்குப் போய், ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தினேன். பதினோரு மணிக்கு மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் காவலர் வந்தார்.

ஒல்லியானவர், கழுத்துப் பொத்தான்வரை போட்ட காக்கிச் சட்டை. சோதனைக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர்களோடு ஆடுபுலி ஆடுவார். அவசரப்பட்டுக் காயைத் தொட்டுவிடாதபடி, யோசிக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அந்த ஆட்டங்களைக் கட்டப் படங்களோடு அலசி அவர் சொந்தச் செலவில் போட்ட புத்தகத்தைச் செம்மை செய்தவன் நான். அன்றுதான் அச்சாகி வந்திருந்தது.

நின்றபடியே புரட்டினார்.

“ஏனுங்க, ‘இங்கே ஒரு பீடி தீரும்வரை யோசித்தார்’, ‘இங்கே மூணு லாரி போகும்வரை யோசித்தார்’னு எழுதியிருந்தனே, ஒண்ணையுங் காணமே?”

“அது ஆட்டத்துல சேராதுன்னு எடுத்துட்டேனுங்க.”

“ஆடு எங்கெ போச்சுன்னு படமே காட்டிருமுங்க. ஆடுன ஆளு எங்கெ தவிச்சான்னு நாந்தானுங்க சொல்லோணும். அதுக்குத்தானுங்க புஸ்தகமே போட்டது.”

குரலில் கோபமில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை, குளிப்பதற்கும் முன்னால், அவருடைய கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். அந்த வரிகளை என்னிடமிருந்த புத்தகத்திலாவது எழுதி வைக்க நினைத்து, தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் வழக்கப்படி, நீக்கிய வரிகளை ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி மையால் அடித்திருந்தேன்.