நான்காவது பம்ப்

என் அக்கா புருஷன் பிராங்கிளினைப் பற்றி ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் "உஷாரான ஆளு" என்பார்கள். அந்த உஷார்தான் எங்கள் அக்காவின் உயிரைக் குடிக்கப் பார்த்தது. நான் ஜெரி, அவருடைய மச்சான். கோபத்தோடு எழுதுகிறேன் என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும், எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

மாமா வாலிபத்திலிருந்தே ட்ரெய்லர் ஓட்டியவர். துறைமுக கேட்டுக்கு வெளியே, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னரோடு வரிசையில் நிற்பதுதான் அந்த வேலையில் பாதி. நாள் கணக்கில் வரிசை நகராது. டிரைவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், டாங்குக்குள் ட்யூபை விட்டு டீசலை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். மாமா ஒரு தடவை அப்படி ஏமாந்து, முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். நிற்கிற வண்டியில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மோயீசன் கொண்டுவந்த பத்துக் கட்டளைகளோடு அவர் சேர்த்துக்கொண்ட பதினோராவது அது.

ஃப்ளோரன்ஸ் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனது. அடுத்து, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தகடு வைத்தும் சரியாகச் சேரவில்லை, உட்கார முடியாது, படுத்தபடிதான் எங்கும் போக வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பெரம்பூர்ப் பக்கம் டயாலிசிஸ். ஆட்டோவில் படுக்க முடியாது. கால் டாக்சிக்காரன் வாசல் வரை வருவான், ஆளைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அவசரத்துக்கு வருகிற ஆம்புலன்ஸை வாரம் மூன்று தடவை கூப்பிட முடியுமா? மாமா ட்ரெய்லர் வேலையை விட்டார். ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தை போட்டார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் அவ்வளவு செய்ததில்லை, நானும் சேர்த்துத்தான்.

வண்டி தேவாலயச் சுவரோரம் தெருவில் நிற்கும். எங்கள் தெருவில் ராத்திரி நிற்கிற வண்டியில் பெட்ரோல் தங்காது. பூட்டு வைத்த மூடி போட்டோம், மூடியையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். மாமா அசரவில்லை. தினமும் சாயந்திரம் டாங்குக்குள் ட்யூப் விட்டு, மிச்சமிருக்கும் பெட்ரோலைத் தானே உறிஞ்சி எடுத்து, கேனில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுவார். காலையில் அன்றைய போக்குவரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஊற்றுவார். ஒருபக்கம் மாதா சொரூபத்துக்கு மெழுகுவர்த்தி எரிகிறது, இன்னொருபக்கம் குளியலறையில் பெட்ரோல் கேன். "வூட்ட கொளுத்தப் போறியா?" என்று அக்கா கேட்பாள். மாமா சிரிப்பார். அந்த உஷாரில் அவருக்கு அவ்வளவு பெருமை.

இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கிற வண்டி அது. முதலில், வண்டியோடு வந்த பம்ப் போனது. புதுசு ஒன்றை அட்டைப்பெட்டியோடு வாங்கிப் போட்டார். மழைக்காலம் தாண்டுவதற்குள் அதுவும் போனது. போலி மால் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு, உடைக்க வந்த ஒரு வேனிலிருந்து கழற்றிய பழைய பம்பைப் போட்டார். போன வியாழக்கிழமை, டயாலிசிஸுக்குப் போகிற வழியில், பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தின் ஏற்றத்தில் அது உயிரை விட்டது.

நானும் அன்றைக்கு வண்டியில் இருந்தேன். பின்னால் லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றன. மாமா சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். அக்கா மெத்தையில் கண்ணை மூடிக் கிடந்தாள். ஆம்புலன்ஸ் வந்து, போய்ச் சேர்வதற்குள் அவளுடைய முறை போய்விட்டது, மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள்தான் இடம் கிடைத்தது. அதுவரை அவள் மூச்சு விட்ட சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு முறை தவறினால் நுரையீரல் முழுக்க நீர் கோத்துவிடும், இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழக்கமான சனிக்கிழமை டயாலிசிஸ் எப்படியும் உண்டு. அதற்கு ஒரு தனியார் ஆம்புலன்ஸ்காரர் வருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவர் போனையே எடுக்கவில்லை.

செத்த பம்புகள் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கே மாமா என்னை இழுத்துக்கொண்டு தவ்ஃபீக் பாய் கடைக்குப் போனார். பாய் பழைய வண்டிச் சாமான் விற்பவர், எங்களுக்குப் புதுப் பழக்கம். வேனையும் கயிறு கட்டி அங்கேயே இழுத்து வந்திருந்தோம்.

"எனக்கு நம்பி ஓட்டற மாதிரி ஒரு பம்பு வேணும் பாய். இன்னொருக்கா நின்னா என் பொண்டாட்டி பூடுவா" என்றார் மாமா.

பாய் இருப்பதைச் சொன்னார். அட்டைப்பெட்டியில் புதுசு உடனே கிடைக்கும். கம்பெனி ஒரிஜினல் வேண்டுமென்றால் திங்கட்கிழமை ஆகும். இல்லையென்றால் இதே வருஷத்து வேனிலிருந்து கழற்றிய பழைய பம்ப் ஒன்று, அதுவும் கம்பெனி மால்தான், கடையிலேயே இருக்கிறது.

புதுசும் காலை வாரிவிட்டது, பழசும் காலை வாரிவிட்டது. நம்பக்கூடிய ஒன்று திங்கட்கிழமை வரும், அக்கா சனிக்கிழமை போயாக வேண்டும். மாமா கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்த எடுக்கறதுன்னு நீயே சொல்லு மச்சான்" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "ஏதாவது ஒண்ண எடுத்துத் தொலைங்க மாமா" என்று கத்தினேன். பயத்தில் எனக்கு வருவது கத்தல்தான்.

பாய் எங்கள் சண்டையைக் கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்த பம்புகளை எடுத்து, ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்துத் திறந்தார். மூன்றுக்குள்ளும் ஒரே கருப்பு, ஒரே தீய்ந்த நாற்றம்.

"மூணும் மூணு எடத்துலேந்து வந்தது. மூணும் ஒரே மாதிரி எரிஞ்சி கீது. பம்ப் மேல தப்பு இல்ல நைனா. டாங்குல எவ்ளோ பெட்ரோல் வெச்சி ஓட்டறே?"

மாமாவுக்கு அந்த நேரத்திலும் பெருமை விடவில்லை. ட்யூப், கேன், காலையில் அளந்து ஊற்றுவது எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு சொட்டு எவனுக்கும் குடுத்ததில்ல பாய்."

பாய் ரம்பத்தைக் கீழே வைத்தார். "பம்ப் பெட்ரோல்ல முழுகிக் கெடக்கணும் நைனா. அதுதான் அத்த குளிர வெக்குது. நீ டாங்க காய வெச்சி ஓட்டிகினு இருந்தா, எந்தக் கம்பெனி பம்பா இருந்தாலும் சூடேறி எரிஞ்சிதான் பூடும்."

"ரோட்ல நிக்கற வண்டி பாய். திருடிகினு பூடுவானே."

"திருடறவன் பெட்ரோலத்தான் எடுப்பான். நீ பம்பையே எடுத்துட்டியே."

மாமா கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூணையும் நான்தான் சாவடிச்சேன். அவளையும் நான்தான்" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவரை உதைக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பாய்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பழைய கம்பெனி பம்பையே எடுத்தோம். பாய் அதை எங்கள் முன்னால் ஓடவிட்டு, பெட்ரோல் வரும் வேகத்தை மீட்டரில் காட்டினார். டாங்கை இறக்கி, அடியில் தேங்கியிருந்த துருவைக் கழுவி, பம்பின் அடியில் தூசியை வடிகட்டுகிற வலையைப் புதிதாக மாற்றினார். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த ஒயரை வெட்டிவிட்டு வேறு ஒயர் கொடுத்தார். பாதி டாங்குக்குக் கீழே இறங்க விடாதே என்று மாமாவிடம் மூன்று நான்கு தடவை சொன்னார். பிறகு பங்க்கில் போய் நிறுத்தினோம். "ஃபுல் பண்ணுப்பா" என்று மாமா சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னார், தன் தப்பையும் சேர்த்து. அவளுக்கு நாளெல்லாம் சேர்த்தே சில டம்ளர் தண்ணீர்தான் அனுமதி. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, "அதுக்கு நெறைய ஊத்தணும், எனக்கு ஊத்தவே கூடாது. நல்லா பாத்து வாங்கிகினு வந்தே" என்றாள். மாமாவால் சிரிக்க முடியவில்லை. நான் போர்வையை எடுத்துக்கொண்டு போய் வேனிலேயே படுத்தேன், பெட்ரோலுக்குக் காவலாக.

சனிக்கிழமை காலை மாமா சாவியைத் திருப்பினார். டாங்குக்குள் பம்ப் மெல்ல முனகியது, வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அதை ஓடவிட்டபடியே அக்காவைத் தூக்க உள்ளே ஓடினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஃப்ளோரி, டாங்கு காயாம பாத்துகினா அஞ்சு வருசம் கூட ஓடும்னு பாய் சொல்லிகீறாரு."

"அஞ்சு வருசமா?" என்றாள் அக்கா.

அவள் கேட்ட விதத்தில் மாமா நின்றுவிட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"முந்தாநேத்து பாலத்து மேல வண்டி நின்னுச்சே. நீ பயந்துகினு இருந்தே, ஜெரி பயந்துகினு இருந்தான். எனக்கு பயமே இல்லய்யா. அப்பாடான்னு இருந்துச்சி. இத்தோட முடிஞ்சிடும், இனிமே ஊசி குத்த வேணாம்னு நெனச்சிகினு கெடந்தேன்."

எங்களுக்குக் கடைகளையும் கம்பெனிகளையும் சந்தேகப்படத் தெரிந்தது. பக்கத்தில் படுத்திருந்தவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மாமா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வீக்கத்தில் அவர் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. "நீ பூட்டா எனக்கு அந்த வண்டி இன்னாத்துக்கு? நான்தான் இன்னாத்துக்கு?" என்றார். அவள் பாதத்தில் முகத்தை வைத்து அழுதார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, அவள் தன் கையை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள்.

"தூக்கு. பெட்ரோலு வீணா எரியுது."

மாமா தூக்கினார். நான் ஓடிப்போய் வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.