ஒத்திகைக்கு மட்டும் ஒரு குரல்

மதுரையில் நாங்கள் சேர்ந்து பாடும் கொயரில் எனக்கு ஒரு வேலை உண்டு. நோட்டீஸில் அது வராது. சனிக்கிழமை ஒத்திகைகளில் சோலோ பகுதியை நான் பாட வேண்டும். கச்சேரியன்று பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவர் விமானத்தில் வந்து இறங்கி அதையே மேடையில் பாடுவார். நான் கீழ்ஸ்தாயியில் பாடும் ஆல்ட்டோ பெண்களோடு இரண்டாவது வரிசையில் நின்று கூட்டத்தோடு கோவிந்தா போடுவேன்.

இதில் என்ன குறை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் பாடுவது மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை. ஒருவர் தனியாக ஒரு வரி பாடுவார், நாற்பது பேர் சேர்ந்து அதற்குப் பதில் பாடுவோம். அந்த ஒரு வரி காதில் விழாமல், எங்கே நுழைவது என்று நாற்பது பேரும் பழக முடியாது. வரப்போகிறவரோ கச்சேரியன்று மதியம்தான் வருவார். அதுவரை அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டு நான்.

மேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. பிறந்தது அலங்காநல்லூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். படிக்கட்டும் என்று மதுரையில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டார்கள். படிப்பு சுமாராகத்தான் வந்தது, பாட்டு ஒட்டிக்கொண்டது. வீட்டில் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம், சனிக்கிழமை நான் போய் லத்தீனில் பாடுவேன். இரண்டு சாமிக்கும் இதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

என் கணவருக்கு இந்தப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஒவ்வொரு கச்சேரிக்கும் என்னை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். "அம்புட்டுப் பேர் பாடுனாலும் ஒன் கொரல் மட்டும் எனக்குத் தனியாக் கேக்கும்" என்பார். பொய்யோ மெய்யோ, கேட்க நன்றாக இருக்கும்.

எங்கள் சீசனில் மூன்று கச்சேரி. ஆகஸ்டில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று. விதவிதமான விருந்தினர்களைப் பார்த்தாகிவிட்டது. ஒருவர் ஃபேன் காற்று தொண்டைக்கு ஆகாது என்று அத்தனை ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். மதுரையில், ஆகஸ்டில். இன்னொரு அம்மாவுக்குச் சட்னியில் காரம் தாங்கவில்லை என்று நான்தான் ஓடிப்போய்த் தயிர் வாங்கி வந்தேன். சிலர் அற்புதமாகப் பாடினார்கள், அதை மறைக்க மாட்டேன். பெரிய பேர் வாங்கிய ஒருவர் கடைசி வரியில் மூச்சுப் போதாமல் பாதியிலேயே விட்டார். அவருக்கும் எழுந்து நின்று கைதட்டினோம். அவருக்கும் பொன்னாடை உண்டு.

ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன். எங்கள் கொயர் மாஸ்டர் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். இசை தெரிந்தவர், கெட்ட மனிதரும் இல்லை.

"சார், ஒரு கச்சேரிக்காச்சும் சோலோவ நானே பாடட்டுமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். அதற்குக் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

"நல்லாத்தாம்மா பாடுறீங்க, நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா வர்றவன்ல பாதிப்பேர் உங்களத் தெரிஞ்சவன். நமக்கு ரத்தம் எடுத்த அம்மால்ல பாடப்போகுதும்பான். எவன் டிக்கெட் வாங்குவான்? அடுத்த சீசன் பாப்போம்."

அடுத்த சீசன் என்ற அந்த வார்த்தையை நான் நம்பினேன். புத்தி கெட்டுப்போய் நம்பினேன். கொயருக்கு யூனிஃபார்ம் வெள்ளைச் சேலை, சிவப்பு பார்டர். சோலோ பாடுகிறவர் மட்டும் கலரில் நிற்பார். அன்றிலிருந்து கச்சேரி தவறாமல் என் பச்சைப் பட்டுச்சேலையை ஒரு மஞ்சப்பையில் வைத்து எடுத்துப்போக ஆரம்பித்தேன். யாருக்காவது காய்ச்சல் வரும், ரயில் தவறும், ஏதாவது ஒன்று நடக்கும் என்று. கணவர் அந்தப் பையை வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொள்வார். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மழைக்காலக் கச்சேரியில் அது நடந்தது. பெங்களூரிலிருந்து ஓர் ஆல்ட்டோ பாடகி வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே மழை கொட்டியது. மதியம் நாங்கள் ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, விமானம் ரத்து என்று செய்தி வந்தது.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டை முழுதாகத் தெரிந்தவள் அந்த ஹாலில் நான் ஒருத்திதான். சாயங்காலம் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்குப் போனேன். அவசரத்தில் கொசுவம் இரண்டு தடவை கலைந்தது. பச்சைப் பட்டில் வெளியே வந்தபோது, மேல்ஸ்தாயியில் பாடும் சோப்ரானோ பெண்கள், "அக்கா, சூப்பரா இருக்கு" என்று கத்தினார்கள்.

மாஸ்டர் கையில் போனோடு வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மேடம் ஏர்போர்ட்லேர்ந்து வீட்டுக்குத் திரும்பிப் போயி, தானே பியானோ வாசிச்சு, பாடி, ரெக்கார்டு பண்ணி அனுப்பிட்டாங்க! எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க. நாம பாடவேண்டிய எடத்துக்கெல்லாம் கேப் விட்டிருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டுவிட்டா முடிஞ்சுது."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா இன்னும் யூனிஃபார்ம் மாத்தாம நிக்கிறீங்க?"

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதில்லை. நான் ஏன் அந்தச் சேலையில் நிற்கிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோப்ரானோ பெண்கள் பாட்டுத்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். நான் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். பட்டை மடிக்கவில்லை, சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

ரெக்கார்டிங்கோடு ஒருமுறை பாடிப் பார்த்தோம். அந்த அம்மா நன்றாகத்தான் பாடியிருந்தார். ஆனால் ரெக்கார்டிங் யாருக்காகவும் நிற்காது. நாங்கள் பதில் பாடி மூச்சு வாங்குவதற்குள் அது அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஆண்களில் பேஸ் என்ற அடிக்குரலில் பாடும் ரயில்வே அண்ணன் ஒருவர் இருக்கிறார், கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் கையைத் தூக்கினார்.

"சார், அதான் நம்ம தங்கச்சி இருக்குல்ல. இத்தன வாரமா அது கூடத்தான பாடுனோம். அதையே பாடச் சொல்லுங்க."

"நோட்டீஸ்ல மேடம் பேர் போட்டாச்சுண்ணே. சனம் மேடத்தக் கேக்கத்தான் வருது. நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

அனுசரித்தோம். மேடையின் நடுவில் ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் மேடத்துக்காக ஒரு காலி நாற்காலி, நாற்காலியில் ஒரு பூங்கொத்து. தலைமை தாங்க வந்தவர் கையில் பொன்னாடையோடு அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அதை நாற்காலி முதுகில் போர்த்தினார். ஹாலில் கைதட்டல். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மூன்றாவது சரணத்தில் கரண்ட் போனது.

ஸ்பீக்கர் செத்தது, எங்கள் பதிலுக்கு வாசித்த கீபோர்டும் செத்தது. மாஸ்டரின் கையே தெரியவில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். நாங்கள் அப்போதுதான் பதில் பாடி முடித்திருந்தோம். அடுத்தது சோலோ வரி. நாற்பது பேரும் இருட்டில் காத்திருந்தார்கள். எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, சனிக்கிழமைகளில் காத்திருந்த அதே மாதிரி.

பாடினேன். மைக் இல்லை, நின்ற இடத்திலிருந்தே பாடினேன். வரி முடிந்ததும் நாற்பது பேரும் துளி பிசகாமல் உள்ளே வந்தார்கள். என்னைக் கேட்டுப் பழகியவர்கள்தானே. அடுத்த வரியையும் பாடினேன். மழையை மிஞ்சிக் குரல் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. நான் அதற்கு முன்பும் அப்படிப் பாடியதில்லை, பிறகும் பாடியதில்லை. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். எத்தனையோ சீசனாக நான் கேட்டது இதுதான், இதை இருட்டில்தான் கொடுத்தார்கள்.

அதற்கடுத்த வரியின் பாதியில் ஜெனரேட்டர் ஓடியது. விளக்கு வந்தது. ஸ்பீக்கருக்கும் உயிர் வந்தது. ரெக்கார்டிங் இருந்த போன் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறது போல. அந்த அம்மா எங்களைத் தாண்டி நாலாவது சரணத்துக்கே போயிருந்தார். ஒரே ஹாலில் அவர் ஒரு வரி, நான் ஒரு வரி.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினார். நிறுத்து.

பாதி வார்த்தையில் நிறுத்தினேன். கொயர் தடுமாறி ஓடிப்போய் ரெக்கார்டிங்கைப் பிடித்துக்கொண்டது. பாட்டு முடிந்தது. ஹாலே எழுந்து நின்று, ஸ்பீக்கரைப் பார்த்துக் கைதட்டியது.

வெளியே டீ கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கரண்டு போயும் அந்தம்மா கொரல் நிக்கல பாத்தீகளா? பேட்டரி செட்டு போல. நல்ல செட்டுதான் வச்சிருக்காக."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது செட்டு இல்லக்கா. நான்தான் பாடுனேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாப் பேசுறத்தா நீயி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வராந்தாவில் மாஸ்டர் பெங்களூர்க்கார அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மழைக்கு மேலே கேட்கவேண்டும் என்று சத்தமாகவே பேசினார். "பிரமாதம் மேடம். நடுவுல கரண்ட் போயிருச்சு, ஆனா ஒரு வரிகூட விட்டுப்போகல. ஆமா மேடம், ஒரு வரிகூட!" அவர் சொன்னதில் பொய் இல்லை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

என் குரலை இருட்டிலும் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவரைத் தேடினேன். கேட் பக்கமிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

"மழ பெருசா வந்துச்சா, சீட்டு நனையுமேன்னு வண்டிக்கு பாலிதீன் பை மாட்டப் போனேன். அந்நேரம் பாத்து கரண்டு போயிருச்சாமே? பாட்டு எதுவும் கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் கெட்டுப்போகல. வண்டிய எடுங்க."

ஒத்தக்கடை தாண்டியதும் சொன்னேன். வண்டியை ஓரம்கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார். "அடச்சே" என்றார். மேலூர்வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

அடுத்த சனிக்கிழமை கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு ஒத்திகை. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மஞ்சப்பையை எடுத்துப்போகவில்லை.

"இந்தத் தடவ சென்னையிலேர்ந்து ஒருத்தங்க வர்றாங்க. ரொம்பப் பெரிய கொரல்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கையைத் தூக்கினார். கீபோர்டு முன்னிசையை வாசித்தது. சோலோ வரி வரவேண்டிய இடம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பேரும் எங்கே நுழைவது என்று தெரியாமல் நின்றார்கள். மாஸ்டர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அந்த இடம் காலியாகப் போனது. ரயில்வே அண்ணன் தாளைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா, தொண்ட சரியில்லையா?"

"தொண்ட நல்லாத்தான் இருக்கு சார். ரெக்கார்டிங்கப் போடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

"அது இன்னும் வரலையேம்மா."

"அப்ப வரட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.