தம்பி சாகவில்லை, மேடம்

ஒரு புத்தகத்தைப் படிக்காமலேயே அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதத் தெரிந்தவர்கள்தான் பி.ஏ. இங்கிலீஷில் கெட்டிக்காரர்கள்.

இதே கோர்ஸில் மாட்டிக்கொண்டு, ஏன் சேர்ந்தோம் என்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் ஆட்சேபணை இல்லை. நான் ஃபர்ஸ்ட் இயர். ஒரே ஒரு செமஸ்டர்தான் முடித்திருக்கிறேன். அதற்குள் இவ்வளவு.

இருக்கிற சீட்

பிளஸ் டூவில் நான் வாங்கின மார்க்குக்கு காமர்ஸ் கிடைக்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல சீட் இருக்கு, வேணுமா?" என்றார். இட்லி தீர்ந்துபோச்சு, உப்புமா இருக்கு என்று சொல்கிற அதே குரல். வேணும் என்றேன். இலக்கியத்தின் மேல் எனக்கு இருந்த ஆர்வம் அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமும் தமிழ் மீடியம் என்பதை அவர் கவனிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். அவள் தம்பி, அதாவது என் மாமா, தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் குடோனில் இருக்கிறார். அந்தக் கடையில் எனக்கு சேல்ஸ் வேலைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. படிக்கட்டும் என்று முடிவானது, ஒரு கண்டிஷனோடு. அதை அம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே சொன்னாள்: "படி, வேணான்னு சொல்லல. மொத செமஸ்டர்ல ஒரே ஒரு பேப்பர் பூட்டாலும், மறுநாள் காலைல மாமாகூட பஸ் ஏறிடணும். இன்னா?"

தெருவின் இங்கிலீஷ்காரி

ஐடி கார்டு கழுத்தில் ஏறின முதல் வாரமே எங்கள் தெருவில் எனக்குப் பதவி கிடைத்துவிட்டது. பேங்க் கடிதம், இன்ஷூரன்ஸ் ஃபாரம், மாத்திரை அட்டை எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தன. நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். கெமிஸ்ட்ரி படிக்கிற பையனிடம் யாரும் பாத்ரூம் கழுவ ஆசிட் கலந்து தரச் சொல்வதில்லை. நம்மிடம் மட்டும் கூச்சமே இல்லாமல் கேட்கிறார்கள்.

எதிர்வீட்டு அந்தோணி அண்ணன் ஃபைபர் போட்டுக்குப் புது என்ஜின் வாங்கியிருந்தார். அதனுடன் வந்த புத்தகத்தை நீட்டி, முதல் பத்து மணி நேரம் எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் தனியாகப் புரிந்தது. சேர்ந்து நின்றால் ஒன்றும் புரியவில்லை. அண்ணன் பொறுமையிழந்து புத்தகத்தைப் பிடுங்கினார், நாலு பக்கம் தள்ளினார், ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். விஷயம் அங்கேதான் இருந்தது. எழுந்து போகும்போது சொன்னார்: "படம் போட்டுக்கீறான் பாரு, அது போதும் எனக்கு. நீ போயி உன் கதையப் படி."

கடல்

எங்களுக்கு ஒரு செய்யுள். புயலடிக்கிறது, மீனவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே படகைக் கடலில் தள்ளுகிறார்கள். பிரேமா மேடம் கேட்டார், "இங்க கடல் எதைக் குறிக்குது?" ஆழ்வார்பேட்டையிலிருந்து வருகிற முன் பெஞ்ச்காரர்கள் நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள், எல்லாம் நல்ல இங்கிலீஷில். மரணம், காலம், கடவுள், முடிவின்மை. மேடம் முடிவின்மையை எடுத்துக்கொண்டார்.

நான் கையைத் தூக்கியிருக்க வேண்டாம். தூக்கிவிட்டேன். அந்த மாதிரி காற்று அடித்தால் எங்கள் ஆட்கள் யாரும் போட்டைத் தள்ளமாட்டார்கள், இன்னும் இரண்டு கயிறு போட்டுக் கட்டுவார்கள், பாட்டெல்லாம் வராது, வாயில் வேறு வார்த்தைகள்தான் வரும் என்றேன். தமிழில்தான் சொன்னேன். முன் பெஞ்ச் திரும்பிப் பார்த்தது. மேடத்துக்குக் கோபம் வரவில்லை. "நீ சொல்றது உண்மையாத்தான் இருக்கும்மா. ஆனா எக்ஸாம்ல முடிவின்மைன்னே எழுது" என்றார்.

கைடு

ஐந்து பேப்பரில் எனக்குப் பயம் நாடகப் பேப்பர்தான். நாடகம் என்றால் யாரும் நாடகத்தைப் படிப்பதில்லை. லஸ் பக்கம் ஒரு கடையில் கைடு விற்கும். கதைச் சுருக்கம், பாத்திரங்கள், முக்கியமான கேள்வி பதில் எல்லாம் அதிலேயே இருக்கும். எங்கள் வகுப்பில் அறுபது பேருக்கும் அது ஒன்றுதான் ஆதாரம். நான் போன அன்றைக்கு ஸ்டாக் தீர்ந்திருந்தது. டெஸ்ட்டுக்கு இரண்டு வாரம்தான். வேறு வழியில்லாமல் லைப்ரரியில் அசல் நாடகத்தையே எடுத்தேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு நாள். அண்ணன் தம்பி கதை. கடைசிக் காட்சியில் தம்பிக்குக் கடும் காய்ச்சல். எல்லோரும் அழுகிறார்கள். ஆனால் அவன் எழுந்துவிடுகிறான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போகிறான்.

டெஸ்ட் பேப்பர் வந்தபோது எனக்கு இருபதுக்கு நாலு. பக்கத்தில் உட்காரும் ஷமீமாவுக்குப் பதினாலு. அவள் மேற்கு மாம்பலம், அவள் வாப்பா டெய்லர், ஆகவே எதையும் பிரித்துப் பார்த்துத்தான் நம்புவாள். இரண்டு விடைத்தாளையும் கைடையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். கைடு எழுதினவர் தம்பியைக் காய்ச்சலிலேயே சாகடித்திருந்தார். அதைப் பார்த்து ஐம்பத்தொன்பது பேரும் சாகடித்திருந்தார்கள். லைப்ரரிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் காட்டினேன். ஷமீமா இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு ஆளு உயிரோட இருக்கறதுக்கு பத்து மார்க்கு செலவு பண்ணிக்கீறியேடி."

ஸ்டாஃப் ரூம்

பத்து மார்க்கைச் சும்மா விட நான் என்ன தியாகியா? நாடகமும் பிரேமா மேடம்தான் எடுக்கிறார், புத்தகத்தோடு அவரிடம் போனேன். "தம்பி சாகல, மேடம்" என்றேன். மேடம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு நின்றபடியே கடைசிக் காட்சியைப் படித்தார். முந்தின பக்கத்துக்குப் போய் மறுபடி வந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார், வேறு நாடகமோ என்று.

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, தான் பி.ஏ. படித்தபோதும் இதே நாடகம், இதே கைடு, தானும் தம்பி செத்துவிட்டான் என்றுதான் எழுதினதாகச் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. நாலைப் பதினாறாக மாற்றினார். நான் சந்தோஷப்படுவதற்குள் சொன்னார்: "இது இன்டர்னல், என் கையில இருக்கு. செமஸ்டர் பேப்பர் வெளியில போகுது, அங்க திருத்தறவங்க எதைப் படிச்சிருப்பாங்களோ, அதுக்கு நான் கேரண்டி தர முடியாதும்மா."

ட்ரையல்

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் தாங்கவில்லை, ஒரு நாளைக்கு வந்து நில் என்று மாமா அந்தத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது மாடி, பட்டு. விரித்த புடவையை மடிப்பது என் வேலை. மடிப்பதற்குள் இன்னொன்றை விரிப்பார்கள். ஸ்டூல் ஒன்று இருந்தது, அதில் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் என் கால் எனக்குச் சொந்தமாக இல்லை. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பேசமாட்டார், பார்ப்பார். அவ்வளவுதான்.

அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டாம் என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு நின்ற அசோக் நகர் அக்காவிடம், கால் வலி எத்தனை நாளில் பழகும் என்று கேட்டேன். அவர் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தபடியே பதில் சொன்னார்: "ஒரு மாசத்துல பழகிடும்னாங்க. எனக்கு ஏழு வருஷம் ஆவுது, பாக்கலாம்."

கடைசிக் காட்சி

செமஸ்டரில் அந்தக் கேள்வியே வந்தது. கடைசிக் காட்சியைப் பற்றி விரிவாக எழுது. பதினைந்து மார்க். மற்ற கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக அதற்கு வந்தேன். இன்னும் அரைமணி நேரம். தம்பி பிழைத்தான் என்பதுதான் சரியான பதில். ஆனால் திருத்துகிறவர் கைடு படித்தவராக இருந்தால் பதினைந்தும் போச்சு. மற்ற பதில்கள் தேறுமா என்று எனக்கே சந்தேகம். மூன்றாவது மாடியில் மடிக்காமல் கிடந்த புடவைகளை நினைத்தேன்.

கொன்றுவிட்டேன். இரண்டரைப் பக்கம், காய்ச்சலில், மெதுவாக. அண்ணனைக் கதறவும் விட்டேன். மார்க்குக்கு நல்லது.

வெளியே புங்கமரத்தடியில் ஷமீமா நின்றிருந்தாள். தம்பி என்ன ஆனான் என்று கேட்டாள். செத்துட்டான் என்றேன். அவள் கத்தியேவிட்டாள்: "அடிப்பாவி, நீ புக்க காமிச்சியேன்னு நான் அவனை ரயில் ஏத்தி விட்டுட்டேனேடி!"

ரிசல்ட்

ஜனவரியில், மத்தியானம், போனில் வந்தது. வெப்சைட் ஆறு தடவை சுற்றியது. நான்கு பேப்பரைப் பார்த்துவிட்டு நாடகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். பாஸ் மார்க் நாற்பது. எனக்கு நாற்பத்தொன்று. ஷமீமாவுக்கு போன் போட்டேன். இவளை நான்தான் கெடுத்தேன் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அறுபத்தெட்டு. "யாரோ படிச்சிருக்காங்கடி" என்றாள்.

அம்மா கடையில் இருந்தாள், அங்கேயே போய்ச் சொன்னேன். நாற்பத்தொன்றா, தொண்ணூற்றொன்றா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. எல்லாத்திலும் பாஸா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சங்கரா மீனின் மேல் ஐஸை அள்ளிப் போட்டுவிட்டு, "அப்போ மாமாவாண்ட சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி" என்றாள்.

மூன்று வருஷப் படிப்பில் ஆறில் ஒரு பங்கு முடிந்துவிட்டது, இதுவரை நான் கற்றுக்கொண்ட ஒரே இலக்கியம், பேப்பர் திருத்துகிறவர்களில் யாராவது ஒருவர் புத்தகத்தையும் படித்துத் தொலைத்துவிடுகிறார் என்பதுதான்.