தாம்பூலப் பையை வாங்குவதற்கு முன்னால்

போன வருஷம் நான் ஆறு கல்யாணத்துக்குப் போனேன். ஆறும் எங்கள் லைன் பெண்களுடையவை. ஐந்து தெற்கே, ஒன்று வாலாஜாபாத்தில். இப்போது உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் மாலையும் மேளமும் ஞாபகத்தில் இல்லை. வேன் நாற்றம் இருக்கிறது, மண்டபத்துக் கக்கூஸ் இருக்கிறது, என் வாய் இருக்கிறது. மூன்றில் எது அதிகமாகக் குமட்டுகிறது என்று கேட்டால் கடைசியைத்தான் சொல்வேன்.

ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடர். பதினான்கு வருஷமாகிறது. வீடு வடக்குப்பட்டில். என் லைனில் இருபத்திரண்டு பெண்கள். நாலைந்து பேரைத் தவிர மற்றவர்களெல்லாம் தெற்கத்திப் பெண்கள், சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் இருப்பவர்கள். பத்தொன்பது வயதில் வருவார்கள், இருபத்துநாலில் கல்யாணம். கல்யாண லீவு பதினைந்து நாள். பதினாறாம் நாள் கேட்டில் கார்டு தேய்க்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மற்ற லைன்களில் கல்யாணத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. மாமியார் விடமாட்டாள், மாமியார் விட்டால் புருஷன் விடமாட்டான், இரண்டு பேரும் விட்டால் எங்கிருந்தோ ஒரு பெரியப்பா முளைப்பார்.

அதற்காகவே எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்ததோ தெரியாது, நான் சேரும்போதே இருந்தது. கல்யாணத்துக்கு லைனே வேன் பிடித்துப் போகும். சாப்பிட்டு முடித்து, வாசலில் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்துக்கு வந்ததும், எங்களில் மூத்தவள் பையை வாங்கமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடச் சொல்வாள். பெண்ணைப் பதினைந்து நாளில் வேலைக்கு அனுப்புவோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்பாள். மூத்தவள் வாங்காமல் மற்றவர்களும் வாங்கமாட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் இருபது பெண்கள் தாம்பூலம் வாங்காமல் நின்றால் சும்மாவா? ஊரே திரும்பிப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டாவது சரி என்று சொல்லிவிடுவார்கள். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

ஏழு வருஷமாக அந்த மூத்தவள் நான்தான். எனக்கு வாய் நீளம் என்று ஊரறியும். என் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஊரான் வீட்டு மருமகளுக்கு நீ ஏன் பஞ்சாயத்துக்குப் போகிறாய் என்று ஒவ்வொரு முறை வேன் ஏறும்போதும் கேட்பார். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் லீவையும் வேனில் கழித்துவிட்டு வருகிறேன் என்று மகளுக்கு என்மேல் கோபம். இவர்கள் இரண்டு பேரும் நான் வீட்டில் இருக்கும் நாளிலும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். நான் இல்லாத குறையை அப்படி என்ன கண்டார்களோ.

வேனைச் சொல்ல வேண்டும். பதினேழு சீட்டில் இருபத்திரண்டு பேர். மதுராந்தகம் தாண்டுவதற்குள் ஒருத்தி வாந்தி எடுப்பாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஆரஞ்சுத் தோலை மோந்துகொண்டு மூன்றாமவள் கண்ணை மூடிக்கொள்வாள். தக்காளி சாதப் பொட்டலம் மடியில் புளித்துக்கொண்டிருக்கும். டிரைவர் பாக்கைக் குதப்பி ஜன்னல் வழியாகத் துப்புவான், காற்று அதைப் பின் சீட்டுக்குக் கொண்டுவரும். ஒரு தடவை என் பட்டுப்புடவை முந்தானையில் வந்து விழுந்தது. கருமம், இன்னும் கறை போகவில்லை.

மண்டபங்கள் அதைவிட மோசம். முன்னால் சீரியல் பல்பும் ஆளுயரப் பேனரும் ஜொலிக்கும், பின்னால் கக்கூஸில் தண்ணீர் இருக்காது. இருந்தால் பக்கெட்டில் முடி மிதக்கும். விடியற்காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த இருபது பெண்கள் வரிசையில் நிற்போம். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே புடவை மாற்றுவோம், உள்ளே யாரும்மா என்று கேட்டுக்கொண்டே ஒருவன் கதவைத் தள்ளுவான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷன் ஒருவர், கம்பெனியில் நைட் ஷிப்ட் எல்லாம் உண்டாமே என்று ஒரு இளிப்பு இளித்தார். பாயசத்தை அவர் தலையில் கொட்டியிருக்க வேண்டும். பெண்ணின் கல்யாணம் ஆயிற்றே என்று குடித்துவிட்டு எழுந்தேன். இத்தனைக்கும் நடுவில் முதல் நாலு கல்யாணத்திலும் வார்த்தை வாங்கினேன், நாலு பெண்களும் திரும்பி வந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கட்டி முடித்த வயர் கொத்தைச் சோதித்துப் பார்க்கும் கடைசி போர்டில் ஐந்து வருஷமாக நிற்பவள். எங்கேயாவது வயர் நுனியில் ஒரு பின் சரியாக உட்காரவில்லை என்றால் போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இவளுக்கு விளக்கே வேண்டாம், விரல் பட்டாலே சொல்லிவிடுவாள். நிரந்தரம் ஆக்கப்போகிறவர்கள் பட்டியலில் முதல் முறையாக அவள் பெயர் வந்திருந்தது. அடுத்த மாதம் ஆர்டர். லீவு முடிந்து வராவிட்டால் ஐந்து வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு.

மாப்பிள்ளைக்கும் வேலை இங்கேதான், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வெல்டிங். ஆகவே சிக்கல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. என் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் காலியாக இருந்தன, நானே அறையின் சொந்தக்காரரிடம் பேசி முடித்துக் கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும் முன், டீ நேரத்தில், அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டு அத்தை நல்லாப் பேசுவாவ. மயங்கிராதீங்க. வார்த்தையை வாங்கிட்டுத்தான் பையை வாங்கணும்."

யாரிடம் வந்து சொல்கிறாய் என்று சிரித்தேன்.

கல்யாணத்தன்று எனக்கு மாதவிலக்கு, இரண்டாம் நாள். ராத்திரி முழுக்க வேனில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் மண்டபத்துக் கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அழுகை வராத குறை. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கையைப் பிடித்து அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டைல்ஸ் போட்ட குளியலறை. ஒரு பக்கெட் நிறைய வெந்நீர். பிரிக்காத சோப்பு, மடிப்புக் கலையாத துண்டு. குளித்துவிட்டு வந்தால் பேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, காப்பியைக் கையில் கொடுத்து, என் பின்னால் நின்று தலையில் பூவும் வைத்துவிட்டாள். "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க மதினி" என்றாள்.

என் கல்யாணத்தின்போதுகூட எனக்கு யாரும் வெந்நீர் வைத்ததில்லை. உருகிவிட்டேன். மகன் கல்யாண வேலையை விட்டுவிட்டு ஒருத்தி வந்து எனக்காக நிற்கிறாளே! அது நடிப்பா, நிஜமா? நிஜம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் என் பிழைப்பு இன்னும் கேவலமாகத்தான் தெரிகிறது.

முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டாரோடு என்னை உட்காரவைத்தாள். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று கேலியாகச் சொல்வார்கள், அன்றைக்கு அது நான்தான். இரண்டு தரம் அவியல் வாங்கி, கம்பெனிக் கதைகள் சொல்லி அவர்களைச் சிரிக்கவைத்தேன். வாசலுக்கு வந்ததும் அவளே தனியாக ஒரு பையை எடுத்து, ரவிக்கைத் துணி வைத்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாக நீண்டது. பின்னால் எங்கள் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாணப் பெண் உள்ளே மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். சிரித்த முகம் மாறவில்லை.

"பிள்ளையை வேலைக்கு அனுப்பணும்னு வார்த்தை கேப்பியளாமே மதினி. நாளைக்கு உங்களுக்கு ஒரு மருமக வந்தா நீங்க அனுப்புவியளா?"

அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள், இரண்டு பெரியவர்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தலையில் அவள் வைத்த பூ, வயிற்றில் அவள் போட்ட சோறு, கையில் அவள் கொடுத்த பை. கையைக் கட்டவும் வழியில்லை. அந்த இடத்தில் நான் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வேறொன்றுமில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்:

"பொண்ணுங்களுக்கு இன்னாக்கா, கல்யாணம் ஆவுற வரைக்கும்தான் கம்பெனி. இனிமே அது உங்க வூட்டுப் பொண்ணு. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையை அவிழ்த்துப் பையை வாங்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியில் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. வாந்தி எடுத்தவள்கூட என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணிடம் இதை யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை என்பது பதிமூன்றாம் நாள்தான் தெரிந்தது.

அன்றைக்கு கேன்டீனில் ரசச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். போன் வந்தது, அவள்தான்.

"அக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அத்தை பக்கத்துலதான் இருக்காவ. வேலைக்கு அனுப்ப வேண்டாம்னு நீங்களே சொன்னதா நித்தம் சொல்லுதாவ. அக்கா அப்படிச் சொல்லவே மாட்டாவன்னு நானும் நித்தம் சண்டை போடுதேன். நீங்களே அவியகிட்ட சொல்லுங்க."

சொல்லவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யாவது அவளுக்கு உதவியிருக்குமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் நாக்கு வரவில்லை. சொன்னேன்மா என்றேன். பிறகு மாமியாரிடம், சொன்னது தப்பு, அக்கா, தயவுசெய்து பெண்ணை அனுப்புங்கள், நிரந்தரம் ஆகப்போகிற நேரம் என்று கெஞ்சினேன். எச்சில் கை காய்ந்துபோகும்வரை கெஞ்சினேன்.

மாமியார் கோபப்படவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தாம்பூலத்தக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னது ஒரு பேச்சு, போன்ல சொல்லுதது ஒரு பேச்சா மதினி?"

எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள். அடுத்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"சரிக்கா. என் போர்டுல யாரு நிக்கா?"

புதிதாக வந்த பெண்ணைச் சொன்னேன்.

"அவளுக்கு ஓரத்துப் பின்னு விட்டுப்போகும். பாத்துக்கிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் பெயர் எடுக்கிற தாள் வந்தது. அதில் லைன் லீடர் கையெழுத்து வேண்டும், போட்டேன். அவள் இப்போது ஊரில் மாமியாரோடு இருக்கிறாள். புருஷன் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். நான் பேசி முடித்துக் கொடுத்த அறையில் அவனும் மூன்று நண்பர்களும் தங்கியிருக்கிறார்கள். காலையில் பின்கதவைத் திறந்தால் அவர்களின் கைலியும் காலி பாட்டிலும் கண்ணில் படுகின்றன. அவனைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவேன்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெட்டுப்போகிறது.

என் கணவரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிஷம் போனை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், நான் அப்பவே சொன்னேனே என்றார். ச்சீ என்று ஆகிவிட்டது. இந்த மனிதரிடம் ஆறுதல் தேடிப் போனேனே என்று என்மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

ஆறாவது கல்யாணம் வாலாஜாபாத்துப் பெண்ணுடையது. பத்திரிகையை என் கையில் கொடுத்து, மஞ்சள் குங்குமமும் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கண்டிப்பா வந்து சாப்ட்டுட்டுப் போங்கக்கா. பேசுறதுக்கு வேற ஆள சொல்லிக்கீறேன்."

போனேன். கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். வாசலில் எங்கள் பெண்களுக்கு முன்னால் நின்றவளுக்கு இருபத்துமூன்று வயது, அவளுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவள் கையைப் பின்னால் கட்டினாள். எல்லாரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் கடைசிவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.